இளவரசரின் இடது கால்

எங்கள் ஊரில் வயதான ஆண் யாராவது செத்தால் முதலில் டாக்டர் வருவார். செத்துவிட்டார் என்று சொல்வார். அடுத்து பெட்டிக்காரர் வருவார். செத்தது இளவரசர் இல்லை என்று சொல்வார். இரண்டு பேரும் போன பிறகுதான் குடும்பத்தார் வாய்விட்டு அழலாம். அதற்கு முன்பு அழுவது விசாரணையில் குறுக்கிடுவதாகும் என்று ஒரு விதி இருக்கிறது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெட்டிக்காரர் வாசலில் தலையைக் காட்டும்போது மட்டும் மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்கித்தான் ஆகவேண்டும். அறுபது வருஷத்துக்கும் முன்னால் ராஜா குடும்பத்தை அரண்மனைக் கொல்லைப்புறத்தில் நிற்கவைத்துச் சுட்டார்கள். ராஜா, ராணி, இரண்டு இளவரசிகள், கூடவே எதற்கென்று தெரியாமல் ஒரு சமையற்காரர். ஆறு வயது இளவரசரின் உடல் மட்டும் கிடைக்கவில்லை. தாதி ஒருத்தி அழுக்குத்துணிக் கூடைக்குள் வைத்துத் தூக்கிப் போய்விட்டாள் என்றார்கள். இல்லை, பால் வண்டியில் போனார் என்றார்கள். சுட்டவர்களே மனம் இரங்கி வேலிக்கு அப்பால் தள்ளிவிட்டார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதைச் சொல்வது பெரும்பாலும் சுட்டவர்களின் பேரப்பிள்ளைகள். எது உண்மை என்று ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்துச் சொல்வதற்காக இளவரசர் இருப்பு விசாரணை ஆணையம் என்று ஒன்றை அமைத்தார்கள். இன்று அதற்கு நான்கு மாடிக் கட்டடம், கேன்டீன், ஊழியர் குடியிருப்பு, ஓய்வூதியம், வருஷா வருஷம் விளையாட்டு விழா எல்லாம் இருக்கின்றன. பதில் மட்டும் இன்னும் வரவில்லை.

ஆணையத்தின் கையில் இருந்த ஆதாரம், வேலியோரம் கிடைத்த ஒரு ஜோடி சின்ன ஷூ. அதில் வலது கால் ஷூ தணிக்கைக்காக நிதித்துறைக்குப் போய் இன்றுவரை திரும்பவில்லை. மிஞ்சியது இடது. இளவரசர் உயிரோடு இருந்தால் கால் வளர்ந்திருக்கும், கால் வளர்ந்தால் ஷூவும் வளரவேண்டும் என்று யாரோ ஒரு மேதாவி சொல்ல, காலணி வளர்ச்சிப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அந்தப் பிரிவு ஆண்டுதோறும் ஓர் இடது கால் ஷூவை வெளியிடும். அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பெட்டிக்காரர் ஊரெல்லாம் சுற்றி, செத்த கிழவர்களின் காலில் மாட்டிப் பார்ப்பார். நான்தான் இளவரசர் என்று உயிரோடு வந்து நிற்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் அதே ஷூதான். இத்தனை வருஷத்தில் ஒருத்தர் காலுக்கும் அது பொருந்தியதில்லை. அந்த ஷூவின் அறிவியல் துல்லியத்தைப் பற்றிப் பள்ளிக்கூடப் பாடத்திலேயே வரும்.

நான் பஸ் கண்டக்டர். அப்பா ஷூ தைக்கிறவர், டிப்போவுக்கு எதிரே சின்னக் கடை வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு ஆள் கடையின் பின்வாசல் வழியாக வந்து ஒற்றை ஷூ வாங்கிக்கொண்டு போவார். ஒற்றைக் கால்காரர் போலிருக்கிறது, பாவம் என்று நான் நினைத்துக்கொள்வேன். இவ்வளவுதான் என் மூளை.

கடைசிக் காலத்தில் அப்பாவுக்குச் சர்க்கரை முற்றிப்போய் இடது காலில் புண் வந்தது. ஆறவே இல்லை. அம்மாதான் தினமும் சாயங்காலம் தகர டப்பாவைத் திறந்து, பழைய கட்டைப் பிரித்து, கழுவி, மருந்து வைத்துக் கட்டுவாள். அந்த நேரத்தில் இருவருக்கும் நடக்கும் பேச்சு ஒன்றுதான்.

"டீயில ஒரு ஸ்பூன் சர்க்கரை போடேன். ஒரே ஒரு ஸ்பூன். செத்தா போயிடுவேன்?"

"போயிடுவீங்க."

"இப்படி வெறும் தண்ணியக் குடிச்சிட்டு இருந்து என்ன சாதிக்கப் போறேன்?"

"என் கூட இருக்கீங்கல்ல, அத சாதிங்க. காலை ஆட்டாதீங்க."

ஒருநாள் காலையில் சர்க்கரை இல்லாத டீயைப் பாதி குடித்துவிட்டு, சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்தார், சொன்னார், போனார். அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பெட்டிக்காரர் வந்தார்.

ஒல்லியான, களைத்துப்போன மனுஷர். அப்பாவின் காலடியில் மண்டியிட்டு, புண் கட்டை மெதுவாக ஒதுக்கி, ஷூவை எடுத்து மாட்டினார். மாட்டினார் என்பது தப்பு. கால் தானாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அப்பாவின் இரண்டாவது விரல் கட்டைவிரல் மேல் ஏறி நிற்கும். அதற்கென்று ஷூவில் மேலே ஒரு புடைப்பு. புண் வீங்கின பக்கத்தில் தோல் கொஞ்சம் விரிந்து இடம் விட்டிருந்தது. பெட்டிக்காரர் கழற்றி மறுபடி மாட்டினார். மறுபடியும் உள்ளே போனது.

"ஐயோ, என்னங்க இது?" என்றார். "முப்பது வருஷமா இந்தப் பெட்டியத் தூக்கிட்டு அலையறேன். எங்கிட்ட 'பொருந்தவில்லை'ன்னு ஒரே ஒரு முத்திரைதாங்க இருக்கு. பொருந்தினா என்ன பண்றதுன்னு எனக்கு யாரும் சொல்லவே இல்லையே!"

அம்மா அலுத்துக்கொண்டாள். "பொருந்தாம என்னங்க பண்ணும்? அவரு காலுக்குத் தச்சது தானே? உங்க ஆபீஸ்ல இருந்து சின்னப்புள்ள ஷூவைக் கொண்டாந்து, இது வளர்ந்திருந்தா எப்படி இருக்குமோ அப்படித் தைன்னாங்க. எவ்வளவு வளர்ந்திருக்கும்னு இவரு கேட்டாரு. வளர்ந்திருக்கிற அளவுக்குன்னாங்க. இவரு என்ன பண்ணுவாரு? தன் காலை வெச்சே அளவெடுத்துத் தச்சுக் குடுத்தாரு. எடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்புறம் வருஷா வருஷம் அதேதான்."

எனக்கு அப்போதுதான் ஒற்றைக் கால்காரர் யாரென்று தெரிந்தது. பெட்டிக்காரர் விதிப்படி அம்மாவின் வாக்குமூலத்தை எழுதி, படித்தும் காட்டினார். "இந்த ஷூ தன் கணவரின் காலுக்காகவே தைக்கப்பட்டது என்று மனைவி உறுதிசெய்தார்." அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் எங்களைக் கவிழ்த்தது.

மதியத்துக்குள் ஆணையத்தின் வரவேற்பு ஊர்தி வந்துவிட்டது. இளவரசர் கிடைக்கும் நாளுக்காக அறுபது வருஷமாகத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த வண்டி. உள்ளே ஆறு வயதுக்கான சின்ன இருக்கை, இடுப்புப் பட்டை, ஜன்னலெல்லாம் வாத்துப் படம். அப்பாவைக் குறுக்காகத்தான் கிடத்த முடிந்தது. ஓட்டுநர் கதவைச் சாத்தும்போது ஒரு கிலுகிலுப்பை உருண்டு வந்து அப்பாவின் தலைமாட்டில் நின்றது. அதை எடுக்கலாமா என்று நான் கேட்டேன். அது வண்டியின் உபகரணப் பட்டியலில் இருக்கிறதாம், எடுக்கக் கூடாதாம்.

"எப்ப திருப்பித் தருவாங்க?" என்று அம்மா கேட்டாள். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். அவள் கட்டிலைப் பார்த்தாள். "அவரைக் குழியில படுக்க வைக்கிற வரைக்கும் நான் இதுல படுக்க மாட்டேன்" என்றாள். சொன்னபடியே அன்று முதல் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூங்கினாள். அவளுக்கும் எழுபதை நெருங்குகிறது. ஒரு வாரத்தில் கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கிவிட்டன. இப்படியே உட்கார்ந்திருந்தால் இதயம் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு அப்பாவைக் கேட்டு ஓடுவதா, அம்மாவைப் பிடித்துக்கொள்வதா என்று புரியவில்லை. சில்லறையைத் தப்பாக எண்ணிக் கொடுத்து, பயணிகளிடம் திட்டு வாங்கினேன்.

ஆணையத்தில் குளிர் அறை ஒன்றுதான் உண்டு. இளவரசரின் பால் வைக்கிற அறை. அவர் வந்ததும் பசிக்கும் என்பதால் தினமும் மூன்று மணிக்குப் பால் காய்ச்சி, விசாரணைக் கூடத்தில் இருக்கும் சின்ன நாற்காலிக்கு முன்னால் வைப்பார்கள். நான்கு மணிக்கு எடுத்துக் கொட்டுவார்கள். அந்தப் பால் பாத்திரங்களுக்கு நடுவே அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள்.

விசாரணை நாளன்று அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அப்பா பிறந்தபோது பக்கத்திலேயே இருந்தவள். ஆணையத் தலைவர் கூடத்துக்கு வந்ததும் எல்லோரும் எழுந்து காலி நாற்காலியைக் கும்பிட்டார்கள். அத்தை எழுந்திருக்கவில்லை. முட்டி வலி.

"இவன் இளவரசனாம்ல!" என்று அவள் ஆரம்பித்தாள். "மூக்கு ஒழுகிட்டுத் தெருத்தெருவா ஓடினவன். எங்க அம்மா இவனைப் பெத்தப்ப வெந்நீர் வெச்சவளே நான்தான். இடுப்புல வெச்சுத் தூக்கித் தூக்கி எனக்கு இந்தப் பக்கம் சாஞ்சே போச்சு, பாருங்க."

தலைவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "அம்மா, இளவரசரை ஒரு பெண் தூக்கிக்கொண்டு போனார் என்பதற்கு இதுவரை செவிவழிச் செய்திதான் இருந்தது. தூக்கியவரின் இடுப்பை இன்றுதான் பார்க்கிறோம்."

"அடப்பாவி, நான் சொல்றது காதுல விழுதா இல்லையா?"

"விசுவாசமான தாதி கடைசிவரை உண்மையை ஒப்புக்கொள்ள மாட்டார். அதுவும் எதிர்பார்த்ததுதான்" என்றார் தலைவர்.

இந்தத் தலைவர் சாதாரண ஆள் இல்லை. ஷூ வழி வரலாறு என்று தடிமனான ஒரு நூல் எழுதியவர். ஒவ்வொரு வருஷத்து ஷூவையும் அளந்து, இளவரசரின் வாழ்க்கையையே அதிலிருந்து எழுதிவிட்டார். நான் எழுந்து நின்றேன். அப்பாவின் வாலிபத்தில், ஆணி அடிக்க வைத்திருக்கும் இரும்புக் கட்டி காலில் விழுந்து விரல் கோணிக்கொண்டது என்றேன். கல்யாணம் ஆன மறுவாரம் நடந்தது, அம்மா கண்ணால் பார்த்தாள் என்றேன்.

"சரியாகப் போயிற்று!" தலைவர் மேசையைத் தட்டினார். "அந்தக் காலத்தில் இளவரசரின் காலில் ஏதோ கனமான பொருள் விழுந்தது என்று நான் நூலிலேயே எழுதியிருக்கிறேன். என்ன பொருள் என்பதுதான் தெரியாமல் இருந்தது. இரும்பு. மிக்க நன்றி."

"ஐயா, அப்பாவுக்குச் சர்க்கரை வந்து கால் வீங்கிச்சு. அதனால ஷூவைப் பெருசாத் தச்சாரு. அவ்வளவுதான் விஷயம்."

"இளவரசருக்கு நீரிழிவு வந்த ஆண்டை ஷூவை வைத்தே கணித்துச் சொன்னவன் நான். அன்று முதல் இளவரசரின் பாலில் சர்க்கரை போடுவதையே நிறுத்திவிட்டோம். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. இன்று நீங்களே சாட்சி."

நான் அவர் வழிக்கே வந்தேன். "சரிங்க, அவருதான் இளவரசர்னே வெச்சுக்கங்க. இளவரசர் செத்துட்டாரு. அடக்கம் பண்ணக் குடுத்துடுங்க."

தலைவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு பேசினார். அவ்வளவு மனம்விட்டு ஓர் அதிகாரி பேசி நான் கேட்டதில்லை.

"தம்பி, இளவரசர் கிடைத்துவிட்டார் என்று நான் சொன்னால் தேடுவதற்கு ஒன்றுமில்லை. இங்கே நானூறு குடும்பங்கள் பிழைக்கின்றன. இவர் இளவரசர் இல்லை என்று சொன்னாலோ, பொருந்திய ஷூ பொய்யாகிவிடும். ஷூ பொய் என்றால் இத்தனை வருஷம் பொருந்தாதவர்களும் பொய். அத்தனை பேரையும் தோண்டி எடுக்க வேண்டும். அவ்வளவு மனிதாபிமானமற்ற காரியத்தை இந்த ஆணையம் செய்யாது. ஆகவே உங்கள் தந்தையை நம்பிக்கைக்குரிய நிலையில் வைத்திருக்கிறோம். இதுவரை யாருக்கும் கிடைக்காத கௌரவம்."

"எத்தனை நாளைக்கு?"

"நம்பிக்கைக்குக் காலவரம்பு வைப்பது நாகரிகமில்லை" என்றார். மூன்று மணி ஆகியிருந்தது. பால் வந்தது. எல்லோரும் எழுந்தார்கள்.

அடுத்து காலணி வளர்ச்சிப் பிரிவுக்குப் போனேன். இருபது இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு துண்டுத் தோல் கண்ணில் படவில்லை, ஊசியும் நூலும் கூட இல்லை. பிரிவின் மேலாளர்தான் கடைக்குப் பின்வாசல் வழியாக வந்துபோன ஆள். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்.

"அப்பாதான் தச்சாருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சொல்லலாம்தான். உங்க அப்பா தங்கமான மனுஷன், என் கல்யாணத்துக்கே அவர் தச்ச ஷூதான் போட்டேன். ஆனா அவர் தச்சாருன்னு சொன்னா, அப்ப நீங்கல்லாம் என்ன பண்ணினீங்கன்னு கேப்பாங்களே? இந்தப் பசங்க மூஞ்சியப் பாருங்க. இவங்களுக்கு வேற என்ன தெரியும்?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வருஷத்து ஷூவுக்கு ஆள் வேணும். உங்களுக்குத் தைக்கத் தெரியுமா?"

நான் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். அதை இங்கே எழுத முடியாது.

வாரங்கள் போயின. தினமும் டியூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது அம்மா நாற்காலியிலிருந்து கேட்பாள். "கொண்டாந்துட்டியா?" நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. கட்டிலில் படும்மா என்று கெஞ்சினேன், கத்தினேன், ஒருநாள் காலைப் பிடித்துக்கொண்டு அழக்கூடச் செய்தேன். அசையவில்லை.

அப்போதுதான் தலைவர் கூப்பிட்டனுப்பினார். என் தாயாரின் உடல்நிலையைக் கேள்விப்பட்டு மனம் கசிந்துவிட்டாராம். சட்டப் பிரிவோடு ஆலோசித்து ஒரு வழி கண்டிருக்கிறாராம்.

"சர்ச்சை இடது காலைப் பற்றியது மட்டுமே" என்றார். "கணுக்காலுக்கு மேற்பட்ட பகுதியில் ஆணையத்துக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. அதை நீங்கள் இன்றே எடுத்துக்கொண்டு போகலாம்."

கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"மொத்தமாகத் தரச் சட்டத்தில் இடமில்லை. மொத்தமாக வைத்துக்கொள்ள என் மனத்தில் இடமில்லை" என்றார் தலைவர். இதை அவர் முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும், நன்றாக ஏற்ற இறக்கத்தோடு சொன்னார்.

நான் சம்மதித்தேன். வீட்டில் உட்கார்ந்தபடியே செத்துக்கொண்டிருப்பவளை நினைத்துச் சம்மதித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பாவைப் பெட்டியில் வைத்து, கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி, கால்மாட்டில் துணியை மடித்து மடித்துச் சொருகி உயரமாக்கிக் கொண்டுவந்தேன். முகத்தைப் பார்த்துவிட்டு அழுவாள், அதற்குள் மூடிவிடலாம் என்பது என் கணக்கு. அவள் முகத்தின் பக்கமே போகவில்லை. வருஷக்கணக்கில் தினமும் உட்கார்ந்த இடத்துக்குத்தான் போனாள். கால்மாட்டுக்கு. துணிக்குள் கையை விட்டாள்.

கை அங்கேயே நின்றது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டேய்."

"அம்மா..."

"கால் எங்கடா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் துணியைப் பழையபடி சொருகி, தட்டி, சரிசெய்தாள்.

"முதல்ல இவரைக் கொண்டுபோய்ப் படுக்க வை. மீதிய நான் கொண்டாரேன்" என்றாள். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். அன்றைக்கும் அவள் கட்டிலில் படுக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் தகர டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வீங்கின காலோடு என் பஸ்ஸிலேயே ஏறினாள். ஆணையத்தின் வாசலில் காவலாளி மறித்தான்.

"என்னம்மா வேணும்?"

"புண்ணுக்கு மருந்து வைக்கிற நேரம். தள்ளு."

காவலாளி உள்ளே ஓடினான். உள்ளே போன செய்தி மாடிக்கு மாடி ஏறி, கடைசியில் தலைவரே படியிறங்கி வந்தார். முகமெல்லாம் ஒளி. இளவரசரின் புண்ணுக்கு விசுவாசமுள்ள ஒரு பெண்மணி நாள்தோறும் மருந்திட்டிருக்க வேண்டும் என்று அவர் நூலில் எழுதியிருந்தாராம். அந்தப் பெண்மணியே டப்பாவோடு வந்து நிற்கிறாள். அவசரக் கூட்டம் போட்டு, பாதப் பராமரிப்பாளர் என்று ஒரு பதவியை உண்டாக்கி, அம்மாவைப் படம் பிடித்து அடையாள அட்டை கழுத்தில் மாட்டினார்கள். பாதத்தைத் தொட அவளுக்கு மட்டுமே உரிமை. மற்றவர்கள், தலைவர் உட்பட, கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்று வணங்க வேண்டும். ஆணையம் அவள் வாழ்க்கையில் செய்த ஒரே உபகாரம் அந்தக் கயிறுதான்.

தினமும் போனாள். பால் அறையில், பட்டுத் தலையணைமேல் வைத்திருந்த காலின் கட்டைப் பிரித்து, துடைத்து, மறுபடி கட்டிவிட்டு வருவாள். என்ன பார்த்தாள், எப்படித் தாங்கினாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒருநாள் மட்டும், "மருந்து வெச்சா இழுத்துக்குவாரு. இப்ப இழுத்துக்கவே மாட்டேங்கிறாரு" என்றாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கடையில அப்பாவோட மரக்கால் இருக்கும், எடுத்துட்டு வா" என்றாள். ஷூவை மாட்டி வைத்துத் தைப்பதற்காக அப்பா செதுக்கி வைத்திருந்த கால் கட்டை. தன் இடது காலைப் பார்த்தே செதுக்கியது. விரல் கோணல் அப்படியே இருக்கும். கால் வீங்க வீங்க, அதே இடத்தில் தோல் துண்டை ஒட்டி ஒட்டி அதையும் வீங்கவைத்திருந்தார். அம்மா அதை மடியில் வைத்து, அச்சு அசலாக அதே மாதிரி கட்டுப் போட்டாள். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

"உள்ள எப்படிம்மா கொண்டு போறது? வாசல்ல டப்பாவைத் திறந்து பாக்குறானே?"

"பெட்டிக்காரரை வரச் சொல்லு."

அவர் வந்தார். ஆணையத்தில் யாரும் திறந்து பார்க்காத ஒரே பொருள் அவருடைய பெட்டி. அதற்கு எல்லோரும் சல்யூட் அடிப்பார்கள். அம்மா மரக்காலைக் காட்டினாள். வேறு எதுவும் விளக்கவில்லை. அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"எங்கப்பா போனப்ப நானேதாங்க ஷூ மாட்டிப் பாத்தேன். அழக் கூடாதுன்னு விதி" என்றார். பெட்டியைத் திறந்து, மரக்காலை இளவரசரின் ஷூவுக்குள் நுழைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. பூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் மாலை, பால் அறையில் இரண்டையும் மாற்றிவைத்துவிட்டு அம்மா முன்னால் வந்தாள். அவள் பின்னால் பெட்டிக்காரர் வந்தார். வாசலில் சல்யூட் அடித்து அனுப்பினார்களாம். பெட்டியைத் திறந்தார். அப்பா தைத்த ஷூவுக்குள் அவருடைய கால் இருந்தது. அம்மா அதை மெதுவாக உருவி எடுத்துப் புதுத்துணியில் சுற்றினாள். கல்லறையில் பூச்செடி வைக்கப்போவதாகக் காவல்காரரிடம் சொல்லி, கால்மாட்டில் நானே குழி தோண்டினேன். அம்மா குனிந்து, உள்ளே வைத்தாள். "ஆட்டாதீங்க" என்றாள். மண்ணைத் தள்ளி, மேலே செடியை நட்டோம்.

பெட்டிக்காரர் தள்ளி நின்றிருந்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, தன்னிடம் இருந்த ஒரே முத்திரையை அதில் குத்தி அம்மாவிடம் நீட்டினார். பொருந்தவில்லை. அம்மா அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்று இரவு அவள் கட்டிலில் படுத்தாள்.

வேலையை மட்டும் விட முடியவில்லை. விட்டால் வேறு யாராவது கட்டைப் பிரிப்பார்கள். ஆகவே தினமும் போய் மரக்கட்டைக்கு மருந்து வைத்துக் கட்டுகிறாள். ஒருமுறை பெட்டிக்காரர் கயிற்றோரம் நின்று, "விரல் பக்கம் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்கம்மா, மரம் தெரியுது" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாராம்.

அவள் போட்ட கட்டுத் துணியில் இப்போதெல்லாம் கறை படிவதில்லை. இதைக் கயிற்றுக்கு அப்பாலிருந்து கவனித்தவர் தலைவர். பெரிய விழாவாகக் கூட்டி அறிவித்தார். வானொலியில் நானும் கேட்டேன்.

"இளவரசரின் புண் ஆறிவிட்டது! செத்த காலில் புண் ஆறாது என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். ஆகவே இளவரசர் உயிருடன், நலமுடன், எங்கோ இருக்கிறார். அவரைக் கண்டுபிடிக்கும் பணி இனிமேல்தான் தொடங்குகிறது."

ஆணையத்துக்கு இன்னும் இருபது வருஷம் நீட்டிப்புக் கொடுத்தார்கள். காலணிப் பிரிவில் புதிதாக ஆள் எடுக்கிறார்கள். புண் ஆறியதை முன்னிட்டு, நிறுத்தி வைத்திருந்த சர்க்கரையை மறுபடியும் இளவரசரின் பாலில் சேர்க்க உத்தரவாயிற்று. அன்றைக்கு ஊழியர்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் சர்க்கரைப் பால்.

பாதப் பராமரிப்பாளருக்கும் கொடுத்திருக்கிறார்கள். அம்மா அதைக் குடிக்காமல், தளும்பாமல் பிடித்தபடி பஸ்ஸில் ஏறி, வீடுவரை கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அப்பா செத்த அன்று மூக்கைத் துடைத்துக்கொண்டவள், கால்மாட்டுத் துணிக்குள் கையை விட்டபோதும் அழாதவள், அன்றுதான் உட்கார்ந்து அழுதாள்.

"எத்தனை வருஷம் கெஞ்சினாரு தெரியுமாடா" என்றாள். "ஒரே ஒரு ஸ்பூன்."